தோட்டுக்குப் பொன், சினத்துக்கு மரபணுவா?

பல்பண்புக்கூறுத் தன்மையும் மனித நடத்தையும்

1. உருபு எழுப்பும் கேள்வி

‘தோட்டுக்குப் பொன்’, ‘கூலிக்கு வேலை’ என்ற இரண்டு தொடர்களிலும் இருப்பது ஒரே ‘கு’ உருபுதான். முதலாவதில் பொன்னே உருமாறித் தோடாகிறது. நம் இலக்கணம் இதை ‘அதுவாதல்’ என்கிறது. இரண்டாவதில் கூலி, வேலையின் நோக்கம். அது ‘பொருட்டு’. நான்காம் வேற்றுமை இப்படிப் பல பொருளில் வரும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் செய்தித்தாளின் அறிவியல் பக்கத்தில் ‘வன்முறைக்கான மரபணு’, ‘மதுப்பழக்கத்துக்கான மரபணு’, ‘அறிவுக்கூர்மைக்கான மரபணு’ என்று வாசிக்கும்போது அந்த உருபு எந்தப் பொருளில் நிற்கிறது என்று நாம் கேட்பதில்லை. பொன் தோடாவதுபோல மரபணு வன்முறையாக வார்க்கப்படுகிறதா? வன்முறையின் பொருட்டே அது உயிரணுவில் குடியிருக்கிறதா?

இந்தச் சொல்லாட்சியைச் சங்கடத்தில் ஆழ்த்தும் உண்மை ஒன்று மரபியலில் நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்டிருக்கிறது. ஒரே மரபணு பல பண்புகளைப் பாதிக்கிறது. பாடநூல் தமிழில் இது பல்பண்புக்கூறுத் தன்மை. ஆய்வாளர் வழக்கில் பிளியோட்ரோபி. சினம், தூக்கம், மனச்சோர்வு, குடற்போக்கு ஆகிய நான்கிலும் ஒரு மரபணுவுக்குப் பங்கிருந்தால் அதை எதற்கான மரபணு என்று அழைப்பது?

ஒரு மரபணு பல நடத்தைகளைப் பாதிக்கிறது என்று சொல்லும்போது உண்மையில் என்ன சொல்கிறோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முதலில் கருத்தின் வரலாற்றையும், பின்னர் ‘போர்வீரர் மரபணு’ என்று பட்டம் சூட்டப்பட்ட எம்ஏஓஏ மரபணுவைப் பற்றிய சான்றுகளையும், இறுதியாக ‘பல’ என்ற எண்ணிக்கையே எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்கலாம்.

2. பட்டாணியிலேயே இருந்த சாட்சி

ஒரு மரபலகு, ஒரு பண்பு என்ற எண்ணத்தை நாம் மெண்டலிடமிருந்து பெற்றதாக நினைக்கிறோம். 1866இல் வெளியான அவருடைய பட்டாணிக் கட்டுரையில் அதற்கு எதிரான சாட்சியும் இருக்கிறது. விதையின் மேலுறை சாம்பல் பழுப்பாக உள்ள செடியில் பூ ஊதாவாக இருக்கும். இலைக்கக்கத்தில் செம்புள்ளியும் தெரியும். உறை வெண்மையானால் பூவும் வெள்ளை, புள்ளியும் இல்லை. மூன்றும் சேர்ந்தே வந்தன, சேர்ந்தே போயின. மெண்டல் இதைக் கவனித்து மூன்றையும் ஒரே பண்பாக எண்ணிக்கொண்டார். ஆந்தோசயனின் என்ற நிறமியின் உற்பத்தியை முடுக்கிவிடும் ஒரு புரதத்தின் மரபணுதான் இதற்குக் காரணம் என்பது 2010இல் உறுதியானது. அந்த மரபணுவுக்குப் பூவும் தெரியாது, விதையும் தெரியாது. நிறமி எங்கெல்லாம் உண்டாக வேண்டுமோ அங்கெல்லாம் அது வேலை செய்கிறது. பூ, விதை, புள்ளி என்று மூன்றாகப் பிரித்தது நம் கண்.

1910இல் ஜெர்மானிய விலங்கியலாளர் லுட்விக் பிளாட்டே இந்நிலைக்கு பிளியோட்ரோபி என்று பெயர் வைத்தார். இதில் உண்மையானதும் போலியானதும் உண்டு என்ற வேறுபாட்டை 1938இல் முன்வைத்தவர் ஹான்ஸ் குரூனெபெர்க். அவர் ஆராய்ந்த எலிக்குட்டிகளுக்கு நுரையீரல், இதயம், விலா, மூக்கு எனப் பல இடங்களில் கோளாறு இருந்தது. ஒவ்வொன்றையும் பின்னோக்கித் தொடர்ந்தபோது எல்லாம் குருத்தெலும்பின் ஒரே குறையில் போய் முடிந்தன. மரபணு செய்த தவறு ஒன்றுதான். அது உடலின் பல வாசல்கள் வழியே வெளிப்பட்டது. 1941இல் பீடிலும் டேட்டமும் ரொட்டிப் பூஞ்சையில் நடத்திய ஆய்விலிருந்து பிறந்த ‘ஒரு மரபணு, ஒரு நொதி’ என்ற கொள்கை இப்பார்வைக்கு வலுச் சேர்த்தது. மூலக்கூறு மட்டத்தில் வேலை ஒன்று, விளைவுகள் பல.

எலும்புக்கும் பூவுக்கும் இது பொருந்தலாம். நடத்தைக்குப் பொருந்துமா?

3. ஆஸ்லோவில் ஒரு வாசனை

1934. இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் நார்வே மருத்துவர் ஆஸ்பியோர்ன் ஃபொல்லிங்கை நாடி வந்தார். குழந்தைகளுக்கு மனவளர்ச்சி இல்லை. அவர்களின் உடலிலிருந்து விடாமல் வீசும் ஒருவகைப் பூஞ்சை வாடையும் தாயின் கவனத்தை உறுத்தியிருந்தது. ஃபொல்லிங் வேதியியலும் கற்றவர். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தபோது வழக்கமான நிறம் வரவில்லை. அடர் பச்சை தோன்றியது. லிட்டர் கணக்கில் சிறுநீரைச் சேகரித்துப் பிரித்தெடுத்து, அதிலிருந்தது ஃபினைல்பைருவிக் அமிலம் என்று கண்டார். காப்பகங்களில் இருந்த நூற்றுக்கணக்கானோரைச் சோதித்தபோது மேலும் எட்டுப் பேரிடம் அதே பச்சை.

இன்று ஃபினைல்கீட்டோனூரியா எனப்படும் இக்கோளாறில் பழுதுபடுவது 12ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. அது உருவாக்கும் நொதி ஃபினைல்அலனினை டைரோசினாக மாற்ற வேண்டும். நொதி இல்லையென்றால் இரண்டு வழிகளில் விளைவு பரவுகிறது. ஒருபுறம் ஃபினைல்அலனின் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது: அறிவுக்குறை, வலிப்பு, அமைதியின்மை, தலையை மோதிக்கொள்ளுதல். மறுபுறம் டைரோசின் குறைவதால் மெலனினும் டோபமினும் குறைகின்றன. குழந்தையின் தலைமுடி உடன்பிறந்தோரைவிட வெளிறியிருக்கிறது. முடியின் நிறமும் அறிவின் வளர்ச்சியும் ஒரே மரபணுவின் கணக்கில் வந்து சேர்வது இப்படித்தான்.

1953இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பிக்கெல் குழுவினர், ஃபினைல்அலனின் குறைந்த உணவு ஊட்டப்பட்ட 2 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார்கள். நிற்கவோ நடக்கவோ முடியாமல் தலையை மோதிக்கொண்டிருந்தவள், அந்த உணவில் தவழவும் நிற்கவும் தொடங்கினாள். மாற்றம் உணவால்தானா என்று உறுதிசெய்ய, தாய்க்குத் தெரியாமல் ஃபினைல்அலனினை மீண்டும் சேர்த்தார்கள். பெற்றதெல்லாம் பறிபோயிற்று. இன்றைய ஆய்வு அறம் ஏற்காத சோதனை அது. ஆனால் அது காட்டியது தெளிவானது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. தட்டில் இருந்த உணவு மாறியபோது நடத்தை மாறிற்று. பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் இக்கோளாறைக் கண்டறியும் ராபர்ட் கத்ரியின் சோதனை 1960களில் பரவியபின், உரிய உணவோடு வளர்ந்த குழந்தைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள்.

இதை யாரும் ‘தலைமுட்டுவதற்கான மரபணு’ என்று அழைத்ததில்லை. நொதியின் வேலை தெரிந்திருந்ததால் அந்த உருபுக்குத் தேவை எழவில்லை.

4. ஒரு நொதி, நான்கு சாட்சியங்கள்

எம்ஏஓஏ மரபணுவின் கதை வேறு திசையில் போனது. எக்ஸ் குரோமோசோமில் அமைந்த இது மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ என்ற நொதியை உருவாக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இருந்தபடி செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமின், உணவில் வரும் டைரமின் ஆகியவற்றைச் சிதைப்பது அதன் வேலை. சுருங்கச் சொன்னால் துப்புரவுப் பணி. இந்தப் பணி தடைபடும்போது என்ன ஆகிறது என்பதற்கு நான்கு வகைச் சான்றுகள் உள்ளன. அவற்றை அருகருகே வைத்துப் படித்தால்தான் சிக்கல் புரியும்.

முதல் சாட்சி, மருந்து. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீவியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுத்தார்கள். நெஞ்சுச் சளியைவிட வேகமாக நோயாளிகளின் மனம் தெளிந்தது. வார்டில் ஆடிப்பாடினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அம்மருந்து மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியை முடக்குவதை அதே ஆண்டில் செல்லர் கண்டறிந்தார். 1957 வாக்கில் நேதன் கிளைன் அதை மனச்சோர்வுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்து வந்தது எதிர்பாராத ஆபத்து. இவ்வகை மருந்து உண்டவர்கள் சிலருக்குப் பாலாடைக்கட்டி சாப்பிட்டதும் மண்டையைப் பிளக்கும் தலைவலி, எகிறும் ரத்த அழுத்தம். 1963இல் பேரி பிளாக்வெல் இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டினார். குடலிலும் ஈரலிலும் டைரமினைச் சிதைத்துக் காவல் காத்ததும் இதே நொதிதான். மனநிலையும் பாலாடைக்கட்டியும் ஒரே கணக்கில் வந்தன.

இரண்டாம் சாட்சி, ஒரு குடும்பம். 1978இல் நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவமனைக்கு ஒரு பெண் ஆலோசனை கேட்டு வந்தார். தம் குடும்பத்து ஆண்கள் சிலரின் நடத்தை அவரை அச்சுறுத்தியது. அக்குடும்பத்தின் முதியவர் ஒருவர் 1962இலேயே அப்படிப்பட்ட ஒன்பது ஆண்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தார். ஹான் புரூன்னர் குழுவினர் 1993இல் காரணத்தை வெளியிட்டார்கள்: எம்ஏஓஏ மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது, அதனால் புரதம் பாதியிலேயே நின்றுபோனது. நொதி அறவே இல்லை. பெண்களுக்கு மற்றோர் எக்ஸ் கைகொடுத்தது. ஆண்களுக்கு அந்த மாற்றுவழி இல்லை.

செய்தித்தாள்கள் எடுத்துக்கொண்டது வன்முறையை மட்டும். மருத்துவக் குறிப்பில் இருந்தது அதைவிட நீண்ட பட்டியல்: இலேசான அறிவுக்குறை, கைகளைப் பிசைந்துகொண்டும் எதையாவது நோண்டிக்கொண்டும் இருத்தல், சின்ன எரிச்சலுக்கும் அளவுக்கு மீறிய சீற்றம். ஒருவர் தீ வைத்தார். வேறொருவர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார். சீற்றம் ஓரிரு நாள்கள் தொடர்ந்து வரும். அந்நாள்களில் உறக்கம் குறையும், இரவில் அலறி எழுவார்கள். பின்னாளில் கண்டறியப்பட்ட வேறு குடும்பங்களில் முகச்சிவப்பு, தலைவலி, வயிற்றுப்போக்கு ஆகியவையும் பதிவாயின. நடத்தையை நேரடியாகக் குறித்துவைத்திருக்கும் மரபணு என்ற எண்ணம் மெய்ம்மைக்கு ஒவ்வாதது என்று புரூன்னரே சில ஆண்டுகளில் எழுத வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. முதிர்ந்தவரிடம் நொதியை மருந்தால் முடக்கினால் சோர்வு நீங்குகிறது. பிறவியிலேயே நொதி இல்லாதவரிடம் சீற்றம் தெரிகிறது. வேலை ஒன்றே, தடையும் ஒன்றே. விளைவு ஏன் வேறு?

மூன்றாம் சாட்சியான சுண்டெலி இதற்கு ஒரு விடை தருகிறது. 1995இல் ஒலிவியே காஸ், இசபெல் சைஃப், ஜீன் சென் ஷி உள்ளிட்டோர் விவரித்த அந்தச் சுண்டெலிகள் தற்செயலாக உருவானவை. வேறொரு மரபணுவைப் புகுத்தப்போய் எம்ஏஓஏ சிதைந்துவிட்டது. குட்டிகளின் மூளையில் செரட்டோனின் இயல்பைப் போல ஒன்பது மடங்குவரை ஏறியது. குட்டிகள் நடுங்கின, மல்லாந்தால் புரண்டெழத் திணறின. வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று கடித்தன. நுட்பமான மாற்றம் மூளைக்குள் இருந்தது. சுண்டெலியின் மூளைப்புறணியில் அதன் மீசை மயிர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. சாயமேற்றிப் பார்த்தால் பல்லாங்குழிக் குழிகள்போல வரிசையாகத் தெரியும். இந்தச் சுண்டெலிகளில் அந்தக் குழிகளே இல்லை. குட்டி பிறந்த முதல் வாரத்துக்குள் செரட்டோனின் உற்பத்தியை மருந்தால் அடக்கினால் கட்டங்கள் உருவாயின. அதாவது செரட்டோனின் முதிர்ந்த மூளையில் செய்தி கடத்துகிறது. வளரும் மூளையில் அதுவே நரம்பிழைகளுக்கு இடம் ஒதுக்கும் கொத்தனாராகவும் இருக்கிறது. கட்டிய வீட்டில் தண்ணீர் வழிந்தால் துடைத்துவிடலாம். அடித்தளம் போடும்போது வெள்ளம் புகுந்தால் வீட்டின் அமைப்பே வேறாகிவிடும்.

நான்காம் சாட்சி, ஓர் ஊரின் குழந்தைகள். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேர் சிறு வயது முதல் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறார்கள். எம்ஏஓஏ மரபணுவுக்கு முன்னால் அதன் உற்பத்தி அளவைக் கூட்டிக்குறைக்கும் ஒரு பகுதி உண்டு. 30 எழுத்துகள் கொண்ட துண்டு அங்கே எத்தனை முறை வருகிறது என்பதைப் பொறுத்து நொதி மிகுதியாகவோ குறைவாகவோ உருவாகும். அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் குழுவினர் 442 ஆண்களிடம் இதைப் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். குறைந்த அளவு வகை மட்டும் இருந்தால் நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளாகி, கூடவே இந்த வகையும் இருந்தவர்கள் 12 விழுக்காடு. அக்குழுவின் வன்முறைக் குற்றத் தண்டனைகளில் 44 விழுக்காடு அவர்கள் பெயரில் இருந்தது.

எண் அதிரவைக்கிறது. ஆனால் 442இல் 12 விழுக்காடு என்பது ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட மனிதர்கள். 2014இல் பர்டும் மனக்கும் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆண்களிடம் இந்த இடைவினை மிதமான அளவில் நிலைத்தது. அதே ஆண்டில் வெளிவந்த பெரிய அமெரிக்க மாதிரி ஒன்றில் அது தென்படவில்லை. முழு நொதியின்மைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால் அது உலகில் மிகச் சில குடும்பங்களில் மட்டுமே உள்ளது. பொதுவான குறைந்த அளவு வகையின் பங்கு இன்னும் விவாதத்தில் இருப்பது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் பொதுவாசகரைத் தடுமாறவைக்கும் முதல் பிழை.

5. பட்டப்பெயர் போன பாதை

‘போர்வீரர் மரபணு’ என்ற தொடர் 2004இல் ஓர் அறிவியல் இதழின் செய்திப் பகுதி வழியே புழக்கத்துக்கு வந்தது. 2006இல் பிரிஸ்பேனில் நடந்த மனித மரபியல் மாநாட்டில் நியூசிலாந்து ஆய்வாளர் ஒருவர் இதை மாவோரி மக்களோடு இணைத்துப் பேசினார். மாவோரி ஆண்களில் 56 விழுக்காட்டினரிடமும் ஐரோப்பிய வழியினரில் 34 விழுக்காட்டினரிடமும் குறைந்த அளவு வகை இருப்பதாகச் சொல்லப்பட்டது. மறுநாள் தலைப்புகள் மாவோரி வன்முறைக்கு மரபணு விளக்கம் கிடைத்துவிட்டதாக அறிவித்தன.

வாதத்தின் ஓட்டையைக் காண மேல்நிலை மரபியல் தேவையில்லை. அறிவிக்கப்பட்ட அந்த எண்ணின்படியே மூன்று ஐரோப்பிய ஆண்களில் ஒருவர் ‘போர்வீரர்’. சீன மாதிரிகளில் இவ்வகை மாவோரிகளைவிடவும் அதிகம். அவர்களை வைத்து யாரும் அந்தக் கதையை எழுதவில்லை. டனிடின் தரவில் வகை தனியாக நின்று எதையும் செய்யவில்லை என்பதும் வசதியாக மறக்கப்பட்டது. நிலம் பறிபோன வரலாறும் வறுமையும் சிறையும் ஒரு முப்பது எழுத்துத் துண்டுக்குள் அடங்கிப்போயின.

2009இல் அதே மரபணு நீதிமன்றப் படியேறியது. இத்தாலியின் டிரியெஸ்தேயில் மேல்முறையீட்டில் ஒரு கொலைக் குற்றவாளியின் தண்டனை ஓராண்டு குறைக்கப்பட்டது. குறிப்பிடப்பட்ட காரணங்களில் எம்ஏஓஏ ஒன்று. அமெரிக்காவின் டென்னசியில் ஒரு வழக்கில் நடுவர்குழு கொலைக்குற்றத்தைக் கைவிட்டு அதற்குக் கீழான குற்றத்தை ஏற்றது. அங்கும் இந்தச் சான்று வைக்கப்பட்டிருந்தது. மாவோரிகளுக்கு அது குற்ற முத்திரை, இவர்களுக்கு அது சலுகைச் சீட்டு. இரண்டிலும் உருபு ஒன்றே: ‘வன்முறைக்கான’. அதே மரபணுவின் வகைகள் மனச்சோர்வு, பீதிக் கோளாறு, கவனக்குறைவு, மதுப்பழக்கம் ஆகியவற்றோடும் ஆய்வேடுகளில் பேசப்பட்டிருக்கின்றன என்பதை வழக்கறிஞர் சொல்லியிருந்தால் சான்று நீர்த்திருக்கும். எதையும் விளக்கத் தயாராக உள்ள காரணி எதையும் தனித்து விளக்காது.

6. ‘பல’ என்பது எத்தனை?

இனி எண்ணிக்கைக்கு வரலாம். ஒரு மரபணு பல நடத்தைகளோடு தொடர்புடையது என்ற கூற்று மூன்று வெவ்வேறு நிலைமைகளை ஒரே போர்வையில் மூடுகிறது.

முதலாவது கிளைவழி. ஒரே மூலக்கூறு வேலை, பல திசுக்களில் அல்லது பல பருவங்களில் நடந்து, ஒன்றையொன்று சாராத விளைவுகளைத் தருகிறது. குடலில் டைரமின், முதிர்ந்த மூளையில் மனநிலை, குட்டியின் புறணியில் மீசைக் கட்டம்: எம்ஏஓஏ இவ்வகை.

இரண்டாவது சங்கிலிவழி. மரபணு ஒரு பண்பைப் பாதிக்க, அந்தப் பண்பு அடுத்ததைப் பாதிக்கிறது. 2008இல் 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புடையது என மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அறிவித்தன. அங்கிருப்பவை நிக்கோட்டினை ஏற்கும் வாங்கிப் புரதங்களின் மரபணுக்கள். ஆகவே பூசல் எழுந்தது: மரபணு நேராகப் புற்றுநோயைத் தூண்டுகிறதா, புகைக்கவைத்து அதன்வழி தூண்டுகிறதா? அவற்றுள் ஒன்றான சிஹெச்ஆர்என்ஏ5 மரபணுவின் ஒரு வகையை உடைய புகைப்பவர்கள், வகையின் ஒவ்வொரு படிக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு சிகரெட் கூடுதலாகப் புகைக்கிறார்கள். புகைக்காதவர்களிடம் புற்றுநோய்த் தொடர்பு தெரியவில்லை. எனவே சங்கிலியின் முக்கியக் கண்ணி புகைதான். இந்த வேறுபாடு ஏட்டளவிலானதன்று. சங்கிலிவழி என்றால் நடுக் கண்ணியை அறுக்கலாம். புகையிலை இல்லாத ஊரில் அந்த மரபணு வகை புற்றுநோயோடு உறவறுந்து நிற்கும்.

மூன்றாவது தோற்றமயக்கம். குரோமோசோமில் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு மரபணுக்கள் சேர்ந்தே கடத்தப்பட்டால், இரண்டின் விளைவையும் ஒன்றின் கணக்கில் எழுதிவிடுவோம். திருமணமும் இதே மயக்கத்தை உண்டாக்கும். நம் மணமகன் தேவை விளம்பரங்களில் உயரமும் படிப்பும் வேலையும் ஒரே வரியில் வருவதை நினைத்துக்கொள்ளலாம். உயரமானவர் படித்தவரை மணந்தால், உயரத்தைப் பாதிக்கும் மரபணு வகைகளும் படிப்போடு தொடர்புடைய வகைகளும் ஒரே குழந்தையிடம் சேரும். உயிரியல் உறவு எதுவும் இல்லாமலே இரண்டு பண்புகளுக்கும் பொதுவான மரபணு வேர் இருப்பதுபோலக் கணக்கில் தெரியும். பண்பு தாண்டிய இத்தகைய மணத்தேர்வு, மனநோய்களுக்கு இடையிலான மரபணு ஒட்டுறவு மதிப்பீடுகளைப் பெரிதாக்கிக் காட்டக்கூடும் என்று ரிச்சர்ட் போர்டர் குழுவினர் 2022இல் எச்சரித்தார்கள்.

கோளாறுகள் பகிர்ந்துகொள்ளும் மரபணு இடங்களை எண்ண முயன்ற பெரிய ஆய்வுகளில் ஒன்று 2019இல் வெளிவந்த பன்னாட்டு மனநோய் மரபணுக் கூட்டமைப்பின் ஆய்வு. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, மனச்சோர்வு, மதியிறுக்கம், கவனக்குறைவு, எண்ணச் சுழற்சி, பசியற்ற உளநோய், டூரெட் ஆகிய எட்டுக் கோளாறுகளில் 2,32,964 நோயாளிகளை அது ஒப்பிட்டது. கண்டறிந்த 146 மரபணு இடங்களில் 109 ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகளில் பங்கு பெற்றன. நரம்பிழைகளுக்கு வழிகாட்டும் டிசிசி மரபணுவின் இடம் எட்டிலும் தலைகாட்டியது. 11 இடங்கள் ஒரு கோளாறின் வாய்ப்பைக் கூட்டி மற்றொன்றின் வாய்ப்பைக் குறைத்தன. பகிரப்பட்ட மரபணுக்கள் கருவின் நடு மூன்று மாதங்களிலேயே மூளையில் முனைந்து செயல்படத் தொடங்குகின்றன. சுண்டெலிக் குட்டி சொன்ன செய்தியோடு இது ஒத்துப்போகிறது: பருவம் முக்கியம்.

இந்த முடிவை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஒரு மரபணு எட்டு நோய்களைப் பாதிக்கிறது என்பது ஒரு வாசிப்பு. எட்டு என்று நாம் பிரித்ததே மருத்துவக் கையேட்டின் வசதிக்காகத்தான்; இயற்கை அந்த வேலிகளை மதிக்கவில்லை என்பது மற்றொன்று. பட்டாணியில் மூன்றை ஒன்றாக எண்ணிய மெண்டலின் எச்சரிக்கை இங்கே திரும்பிவருகிறது. எனக்கு இரண்டாம் வாசிப்பு பெருமளவு சரியாகப் படுகிறது. ஆனால் முழுதும் அல்ல. எதிரெதிர்த் திசையில் இழுக்கும் அந்த 11 இடங்களை ‘எல்லாம் ஒரே நோய்’ என்ற விளக்கத்துக்குள் அடைக்க முடியாது. வேலிகளில் சில நாம் போட்டவை. சில அங்கேயே இருப்பவை. ஆய்வில் இடம்பெற்றோர் ஐரோப்பிய வழியினர் என்பதால் இந்த எண்களை நம் மக்களுக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

7. மறுபக்கம்: ஒரு பண்பு, ஆயிரம் மரபணுக்கள்

ஒரு மரபணுவுக்குப் பல பண்புகள் என்பது நாணயத்தின் ஒரு பக்கம். ஒரு பண்புக்கு மிகப் பல மரபணுக்கள் என்பது மறுபக்கம். 2018இல் 11 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வு, பள்ளிக்கல்வியின் ஆண்டுகளோடு தொடர்புடைய 1,271 மரபணு வேறுபாடுகளை இனங்கண்டது. ஒவ்வொன்றின் விளைவும் வாரக்கணக்கில்தான். மனித நடத்தைப் பண்பு எதுவானாலும் மிகப் பல வேறுபாடுகள், ஒவ்வொன்றும் மிகச் சிறிய பங்கு என்ற நிலையைக் காப்ரிஸ் முதலியோர் 2015இல் நடத்தை மரபியலின் நான்காம் விதி என்றே அழைத்தார்கள்.

இந்த விதியின் வெளிச்சத்தில், சில மரபணுக்களை முன்கூட்டியே ஊகித்துத் தேர்ந்து சோதிக்கும் பழைய ‘ஐயத்துக்குரிய மரபணு’ ஆய்வுமுறை சரிந்தது. மனச்சோர்வோடு இருபது ஆண்டுகளாகப் பிணைத்துப் பேசப்பட்ட 18 மரபணுக்களை 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவில் சோதித்தபோது, தற்செயலாகத் தேர்ந்தெடுத்த மரபணுக்களைவிட அவை மேலாகச் செயல்படவில்லை. சில நூறு பேர் கொண்ட மாதிரிகளில் பிறந்த கதைகள் அவை.

இரண்டு பக்கங்களையும் சேர்த்தால் கிடைப்பது ஒரு வலை. ஆயிரம் மரபணுக்கள் ஒரு பண்பில் கலக்கின்றன. மனித மரபணுக்கள் சுமார் 20,000தான். எனவே ஒவ்வொன்றும் பல பண்புகளில் கலந்தே ஆக வேண்டும். பிளியோட்ரோபியை விதிவிலக்கு என்று கருதிய காலம் போய்விட்டது. இன்று அதுதான் இயல்பு. ‘ஒரு மரபணு, ஒரு நடத்தை’ என்பதே விளக்கம் தேவைப்படும் அபூர்வம்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. எல்லாம் எல்லாவற்றையும் பாதிக்கிறது என்றால் மரபணுவைப் பேசுவதே வீணல்லவா? இல்லை என்பதற்கு நைமேகன் குடும்பமே சாட்சி. அங்கே ஒரு மரபணு முழுமையாக ஓய்ந்ததால் பல வாழ்க்கைகள் தடம் புரண்டன. ஃபினைல்கீட்டோனூரியாவில் ஒரு மரபணுவைப் புரிந்துகொண்டதால் பல வாழ்க்கைகள் மீண்டன. வலையில் எல்லா முடிச்சுகளும் ஒரே கனம் கொண்டவையல்ல. எந்த முடிச்சு, எவ்வளவு இழுபட்டது என்று சொல்லாமல் வலையைப் பற்றிப் பேசுவதுதான் வீண்.

8. நான்காம் வேற்றுமையிலிருந்து ஏழாம் வேற்றுமைக்கு

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பொன் தோடாவதுபோல மரபணு நடத்தையாவதில்லை. பொன்னின் முழு எடையும் தோட்டில் இருக்கும், எம்ஏஓஏவின் வேலை குடலிலும் ஈரலிலும் மூளையிலும் பிரிந்து கிடக்கிறது. கூலிக்கு வேலை போல மரபணு நடத்தையின் பொருட்டும் இல்லை. டைரமினைச் சிதைக்கும் நொதிக்குப் போரும் தெரியாது, வீரரும் தெரியாது. நான்காம் வேற்றுமையின் எந்தப் பொருளும் இங்கே ஒட்டவில்லை.

நாம் பார்த்த சான்றுகள் எல்லாம் வேறோர் உருபைத்தான் கேட்டு நின்றன. குட்டி பிறந்த முதல் வாரத்தில் செரட்டோனின் மிகுந்தால் ஒன்று, முதிர்ந்த மூளையில் மிகுந்தால் மற்றொன்று. பர்மிங்ஹாமில் அந்தச் சிறுமியின் தட்டில் ஃபினைல்அலனின் இருந்த நாள்களில் ஒன்று, இல்லாத நாள்களில் மற்றொன்று. டனிடினில் அடிபட்டு வளர்ந்த வீடுகளில் ஒன்று, அடியில்லாத வீடுகளில் மற்றொன்று. இடமும் காலமும் சொல்லாமல் இவற்றில் எதையும் சொல்ல முடியவில்லை. இடத்துக்கும் காலத்துக்கும் உரியது ஏழாம் வேற்றுமை.

‘வன்முறைக்கான மரபணு’ என்று எழுதப்போகும் செய்தியாளர் அதை நீக்கி, ‘வளரும் மூளையில் செரட்டோனினைச் சிதைக்கும் மரபணு’ என்று எழுதிப் பார்க்கலாம். தலைப்பு நீளும், அதைப் படித்துவிட்டு ஓர் இனத்தின் மீதோ ஒரு மனிதன் மீதோ கை நீட்டுவது அவ்வளவு எளிதாக இராது.